மதலேனம்மாளும் ஜப்பான் பெட்டியும்

மதலேனம்மாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமும் சண்டை போடமாட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் தனக்குள்ளேயே முனகிக்கொள்வாள். புளி தட்டும்போது முனகுவாள். விறகு அடுக்கும்போது முனகுவாள். செபமாலையில் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் போவதற்குள் இரண்டு வார்த்தை முனகிவிடுவாள். உதடு மட்டும் அசையும். பக்கத்தில் இருப்பவர்கள் செபம் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

1955-ல் இண்டூரில் பிறந்தாள். எட்டாவது வரை படித்தாள். 1975 வைகாசியில் கடத்தூர் சவரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சவரிக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் உரக்கிடங்கில் வேலை. உயரமான ஆள், அதிகம் பேசாதவர். முதல் வாரத்திலேயே அவரை அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது வாரத்தில் குழாயடியில் ராமக்காள் அந்தச் செய்தியைச் சொன்னாள். ராமக்காளுக்குப் பக்கத்து வீடு. ஊரில் எந்தச் செய்தியும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“ஏம்மா புதுப்பொண்ணு, உனக்கு விசயம் தெரியுமா? சவரிக்கு அவுங்க தாய்மாமன் பொண்ணு லூர்துமேரியத்தான் பேசி வச்சிருந்தாங்க. உங்க கோயில்ல சொந்தத்துல கட்டணும்னா பிஷப்பு உத்தரவு வேணுமாமே. அது வரல. அப்பறந்தான் உன்னயத் தேடிப் புடிச்சாங்க.”

கத்தோலிக்கர்களுக்கு மாமன் மகள் முறைப்பெண்தான். ஆனாலும் திருச்சபைச் சட்டப்படி அந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டு. பங்குச் சாமியார் மூலமாக மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, மனுப் போட்டு விலக்கு வாங்க வேண்டும். பெரும்பாலும் கிடைத்துவிடும். சவரிக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று மதலேனம்மாள் எடுத்துக்கொண்டாள். அப்படியானால் அவர் மனதில் இருந்தவள் வேறு. வீட்டுக்கு வந்தவள் வேறு. இதைப் பன்னிரண்டு வருஷம் அவள் கணவனிடம் கேட்கவில்லை. முனகினாள்.

லூர்துமேரி அடுத்த தெருவில் இருந்தாள். கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது “நல்லா இருக்கீங்களாக்கா?” என்பாள். “இருக்கேன்” என்பாள் மதலேனம்மாள். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு முறை. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

1987 சித்திரையில் லூர்துமேரியின் அக்கா விடுமுறையில் வந்தார். அவர் கன்னியாஸ்திரி. ஜப்பானில் ஒரு மழலையர் பள்ளியில் ஊழியம். அங்கே ஒரு பையன் வளர்ந்து, வேண்டாம் என்று விட்ட விளையாட்டுப் பெட்டியை அவன் வீட்டார் அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தங்கைக்குக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆகும் என்று நினைத்திருக்கலாம். பெட்டிக்கு டீவி வேண்டும். பள்ளியில் டீவி இல்லை. லூர்துமேரி வீட்டிலும் இல்லை. அந்தப் பக்கம் இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே டீவி, போன வருஷம் சவரி வாங்கிய கறுப்பு வெள்ளை டீவி. லூர்துமேரி பெட்டியை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

“மாமா, இது உங்க வூட்டு டீவியில வருமா பாருங்களேன்.”

பன்னிரண்டு வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்தது அன்றுதான்.

பெட்டியின் பெயர் ஃபேமிலி கம்ப்யூட்டர். ஜப்பானில் சுருக்கி ஃபேமிகாம் என்பார்கள். 1983 ஜூலையில் அங்கே கடைக்கு வந்தது. வெள்ளை உடம்பு, அரக்குச் சிவப்பில் ஓரம். மேலே கேசட் செருக ஒரு வாய். கேசட்டை வெளியே தள்ள ஒரு நெம்பி. உள்ளே எட்டு பிட் பிராசஸர், வேலை செய்ய இரண்டு கிலோபைட் நினைவகம். இன்றைக்கு ஒரு கைபேசிப் படத்துக்குக்கூட அது போதாது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி ஒரு மைதானம், நான்கு ஆட்டக்காரர்கள், ஒரு பந்து, பந்தின் நிழல் எல்லாவற்றையும் காட்டியது.

ஆடுவதற்கு இரண்டு கண்ட்ரோல்கள். இடது பக்கம் கூட்டல் குறி வடிவில் திசைப் பொத்தான், வலது பக்கம் ஏ, பி என்று இரண்டு. முதல் கண்ட்ரோலில் மட்டும் நடுவில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு பொத்தான்கள் கூடுதலாக இருந்தன. இரண்டாம் கண்ட்ரோலில் அவை கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் உரிமை முதல் கண்ட்ரோலுக்குத்தான். இரண்டாம் கண்ட்ரோலின் நடுவில் சில துளைகளும், தள்ளினால் நகரும் ஒரு சின்னக் கட்டையும் இருந்தன. அதை நகர்த்திப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. காற்றுப் போகத் துளை விட்டிருக்கிறான் என்றார் சவரி.

இரண்டு கண்ட்ரோல்களின் ஒயர்களும் பெட்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தன. கழற்ற முடியாது. நீளம் மூன்றடிகூட இல்லை. ஜப்பான் வீடுகள் சின்னவை போலிருக்கிறது. 1985-ல் இதே பெட்டியை அமெரிக்காவில் விற்றபோது உருவத்தை மாற்றி, கண்ட்ரோல்களைக் கழற்றி மாட்டும்படி செய்து, ஒயரையும் நீளமாக்கிவிட்டார்கள். கன்னியாஸ்திரி அமெரிக்காவில் இருந்திருந்தால் மதலேனம்மாள் நிம்மதியாகப் புளி தட்டியிருப்பாள்.

பஸ் ஸ்டாண்டில் ரேடியோக் கடை வைத்திருந்த முனிராஜ்தான் பெட்டியை நம் ஊருக்குப் பழக்கினார். அதன் அடாப்டர் நூறு வோல்ட்டுக்கானது. நம் இருநூற்று முப்பதில் செருகியிருந்தால் புகைந்திருக்கும். ஒயரை அவர் பிளக்கில் செருகுமுன் அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். அதற்குப் பதில் நம் மின்சாரத்துக்கு ஏற்ற ஒரு எலிமினேட்டர் செய்துகொடுத்தார். பெட்டி அனுப்பும் ஜப்பான் சேனல் நம் டீவியின் எந்தச் சேனலிலும் அகப்படவில்லை. டீவியில் யாரும் திருப்பாத ஒரு சேனலின் காயிலை, அதாவது கம்பிச் சுருளைக் கழற்றி, சுற்றைக் குறைத்து, அங்கே பிடித்தார். படம் வந்தது. ஆனால் உருண்டது. ஜப்பானில் படம் நொடிக்கு அறுபது தடவை, இங்கே ஐம்பது. டீவிக்குப் பின்னால் இருந்த திருகைத் திருப்பியதும் நின்றது. சத்தம் மட்டும் வரவில்லை. இரைச்சல்தான் வந்தது. அதையும் சவரி குறைத்துவிட்டார்.

“சத்தம் எதுக்குங்க, பந்து தெரிஞ்சா போதாதா?” என்றார்.

கன்னியாஸ்திரி கொண்டுவந்தது ஒரே கேசட். டென்னிஸ். அதில் ஒரு விசேஷம். இரண்டு பேர் ஆடினால் எதிரெதிராக ஆட முடியாது. இருவரும் ஒரே பக்கம். எதிரில் ஆடுவது பெட்டி. அதாவது, ஜோடி.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு லூர்துமேரி கூடையோடு வந்தாள். முதலில் தெருப் பிள்ளைகள் ஆடின. அப்புறம் “நீங்க வாங்க மாமா” என்பாள். முதல் கண்ட்ரோல் பெட்டிக்காரியிடம். இரண்டாம் கண்ட்ரோல் டீவிக்காரரிடம். ஒயர் குட்டை. பாயில் முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு செம்பு வைக்கும் இடம்தான்.

மதலேனம்மாள் சமையலறை வாசலில் புளி தட்டிக்கொண்டிருப்பாள். பங்குனி, சித்திரை புளிக்காலம். மண்டிக்காரர் மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். சுத்தியல் கையில், காது கூடத்தில். சத்தமில்லாத ஆட்டம். அதனால் ஆட்டத்தின் சத்தம் தவிர மற்ற எல்லாச் சத்தமும் கேட்டது. பொத்தான் அமுங்கும் ‘டிக் டிக்’. லூர்துமேரியின் வளையல். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. திடீரென்று இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

“மாமா, முன்னால போங்க, நெட்டுகிட்ட!”

“நீ பின்னால பாத்துக்க புள்ள.”

“பாத்துக்கறேன். நீங்க குறுக்க வராதீங்க.”

சவரி வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். இப்போது அரை மணி நேரத்தில் நூறு பேசினார். மதலேனம்மாள் எண்ணினாள். சுத்தியல் ஓங்கி விழுந்தது. கொட்டை நசுங்கியது.

“என்னா மதலேனம்மா,” என்றாள் ராமக்காள், “உன் வூட்டுக்காரரும் டீச்சரம்மாவும் தினமும் பந்து ஆடறாங்களாம். எங்க, பந்த காணோமே?”

“உள்ள இருக்குது. போய்ப் பாரு.”

“பாத்தேன் பாத்தேன். பந்தத் தவர எல்லாந் தெரியுது.”

மதலேனம்மாள் தன்னால் ஆனதைச் செய்தாள். ஏழு மணிக்குச் சொல்லும் செபமாலையை ஆறு மணிக்குக் கொண்டுவந்தாள். லூர்துமேரியும் உட்கார்ந்து ஐம்பத்து மூன்று மணியும் சொல்லிவிட்டு மறுபடி ஆடினாள். மதலேனம்மாள் தன் ஒரே மகளைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தாள். ஒயர் முகத்தில் உரச, மகள் எழுந்து போய்விட்டாள். காலையில் கூட்டிப் பெருக்கும்போது டீவிக்குப் பின்னால் இருந்த திருகைத் திருப்பிவைத்தாள். சாயங்காலம் படம் உருண்டது. சவரி கையை மட்டும் பின்னால் விட்டு, பார்க்காமலேயே சரி செய்தார். லூர்துமேரி கைதட்டினாள்.

கடைசியில் அவளைத் தொல்லை செய்வது எது என்று அவளே கண்டுபிடித்தாள். அந்த அமைதி. அது இருக்கும்வரை அந்தச் சிரிப்பு காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு வியாழக்கிழமை முனிராஜ் கடைக்குப் போனாள்.

“அண்ணா, அந்தப் பொட்டியில சத்தம் வர வைக்க முடியுங்களா?”

“சத்தம் இல்லாம என்னம்மா கொறைஞ்சு போச்சு? உங்க வூட்டுக்காரரு நல்லாத்தான் இருக்குதுன்னாரே.”

“அவருக்கு நல்லாத்தான் இருக்கும்.”

முனிராஜ் அவளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் விளக்கினார். “படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல ஒரு எடவெளி உண்டும்மா. ஜப்பான்காரன் நாலரை மெகாஹெர்ட்ஸ் வுட்டு அனுப்பறான். நம்ம டீவி அஞ்சரைல தேடுது. எப்படிக் கெடைக்கும்?”

“நாலரைலயும் தேடச் சொல்லுங்க.”

“ஒரு காயில் சுத்தணும். ஞாயித்துக்கெழம வரேன்.”

வந்தார். டீவியின் முதுகைக் கழற்றி, உள்ளே ஒரு காயில் வைத்து, வெளியே ஒரு சின்ன சுவிட்சும் போட்டார். சாயங்காலம் பெட்டியைப் போட்டதும் சத்தம் வந்தது. பந்து மட்டையில் பட்டால் ‘டொக்’. தரையில் பட்டால் வேறு மாதிரி. சேதி தெரிந்து தெருவே கூடத்துக்கு வந்துவிட்டது. ராமக்காள் முன்வரிசையில். முனிராஜும் தன் வேலையைப் பார்க்க நின்றார். சவரிக்கு ரொம்பச் சந்தோஷம்.

“இவதான் போய்ச் சொல்லி வர வச்சா. ஏய், நீ வா. இன்னைக்கு நீயும் ஒரு ஆட்டம் ஆடு.”

“எனக்கு என்னாத்துக்கு?”

“வாங்கக்கா,” என்றாள் லூர்துமேரி. “நாம ரெண்டு பேரும் ஒரு பக்கம்.”

மதலேனம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, சவரி எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் கண்ட்ரோலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டத்தில், முகவாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள். எதை அமுக்க வேண்டும் என்று தெரியவில்லை. இருந்த எல்லாவற்றையும் அமுக்கினாள். நகராததை அமுக்கினாள், நகர்ந்ததை மேலே தள்ளினாள்.

பந்து அவள் பக்கம் வந்தது. போய்விட்டது. இன்னொன்று வந்தது. லூர்துமேரி பின்னாலிருந்து ஓடி வந்து அடித்தாள். கூடம் கத்தியது. அடுத்ததையும் லூர்துமேரியே அடித்தாள். அடுத்ததையும். “அப்படித்தான் புள்ள!” என்றார் சவரி. சொன்னது மனைவியைப் பார்த்து அல்ல.

மதலேனம்மாளின் உதடு அசைந்தது.

“ஆடு, நல்லா ஆடு. எல்லாத்தையும் நீயே ஆடு. பிஷப்பு ஒரு கையெழுத்து போட்டிருந்தா இந்த வூட்ல நீதான இருந்திருப்ப. நான் இண்டூர்லயே கெடந்திருப்பேன். அது வரலன்னுதான என்னயக் கொண்டாந்து கட்டி வச்சாங்க. இப்ப ரெண்டு பேரும் பன்னண்டு வருசம் ஆடாததயும் சேத்து ஆடறீங்க. நான் புளி தட்டறேன்…”

கூடம் அமைதியாகிவிட்டது. யாரோ ஒரு பெண் கரகரத்த குரலில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். யார் என்று மதலேனம்மாள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றது. அவள் வாயும் நின்றிருந்தது.

“அய்யோ, டீவி பேசுது!” என்றாள் ராமக்காள்.

“யம்மா, உங்க கையில இருக்கறது மைக்கு!” என்று முனிராஜ் கத்தினார். “அந்த ஓட்டையெல்லாம் மைக்கு! கீழ வைங்க மொதல்ல!”

அவள் போட்டாள். அது டீவிப் பக்கம் விழுந்து ‘கூ’ என்று அலறியது. சவரி பாய்ந்து டீவியை அணைத்தார்.

சத்தம் வராத பெட்டியில் மைக் இருப்பதை யார் கண்டார்கள். இரண்டாவது ஆள் தொடங்க முடியாது, ஆனால் பேசலாம் என்று ஜப்பான்காரன் வைத்திருந்தான்.

முதலில் வாய் திறந்தது லூர்துமேரிதான்.

“அக்கா, உத்தரவு வரலன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

ராமக்காள் கூரையைப் பார்த்தாள்.

“மனுவே போவலக்கா. மாமா கையெழுத்துப் போடல.”

“ஏய், அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார் சவரி.

“தெருவுக்கே டீவியில சொல்லியாச்சு. இனி என்ன மாமா ரகசியம்?” லூர்துமேரி சிரித்தாள். ஒயர்களைச் சுற்றினாள். பெட்டியைக் கூடையில் வைத்தாள். போய்விட்டாள்.

இதைக் கேட்டு மதலேனம்மாளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான் உறைத்தது. தன் புருஷனைப் பற்றிய விஷயம். பன்னிரண்டு வருஷமாக அது லூர்துமேரிக்குத் தெரியும். தனக்குத் தெரியாது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டாள்.

“நீ கேக்கலியே,” என்றார் சவரி.

ஐந்து நாள் லூர்துமேரி வரவில்லை. சவரி ஐந்தரைக்கு வாசலைப் பார்த்துவிட்டு, டீவியில் விவசாய நிகழ்ச்சி ஏதோ ஒன்றைப் பார்த்தார். அவர் வாசலைப் பார்த்ததையும் மதலேனம்மாள் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை, அவர் வேலைக்குப் போனதும், அடுத்த தெருவில் லூர்துமேரி வீட்டுக்கு நடந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. லூர்துமேரி தாயின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. ஆடக் கூப்பிட வந்தீங்களா?”

“இல்ல. அவரப் பத்தி உனக்கு என்னென்ன தெரியும்?”

“யாரப் பத்தி?”

“தெரியாத மாதிரி கேக்காத. எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு. உனக்கு மட்டும் தெரிஞ்சது இனி ஒண்ணும் இருக்கக் கூடாது.”

லூர்துமேரி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மதலேனம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

வெயில் உச்சிக்கு வரும்வரை கேட்டாள். சவரிக்கு வான்கோழி என்றால் பயம். பத்தாவது கணக்கில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தோற்றிருக்கிறார். ஏழு வயதுவரை திருநீற்றுப் புதனன்று சாமியார் நெற்றியில் பூசும் சாம்பலை விரலில் வழித்து நக்கிவிடுவார். தன் அப்பா செத்தபோது அழவில்லை, மூன்று மாதம் கழித்து மாட்டுக்குத் தீவனம் போடும்போது அழுதார். ஒவ்வொன்றுக்கும் மதலேனம்மாள் தலையை ஆட்டினாள். கடைசியில் கேட்க மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

“அந்த மனு?”

லூர்துமேரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“சாமியார் ஒரு ஃபாரம் குடுத்தாருக்கா. அதுல ‘காரணம்’னு ஒரு எடம் இருக்கும். சொந்தத்துல ஏன் கட்டறீங்கன்னு மாப்பிள்ள எழுதணும். சும்மா வுட மாட்டாங்க. மாமா அத ஒரு வாரம் வச்சிருந்தாரு. எனக்கு ஒரு வாரமும் சோறு எறங்கல. அப்பறம் அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு. எங்கப்பா அந்தக் காயிதத்த எங்கிட்டயே கொண்டாந்து காட்டுனாரு. பேரு, ஊரு, வயசு, எல்லாம் அழகா எழுதியிருக்குது. காரணம்னு போட்ட எடத்துல ஒரு எழுத்து இல்ல.” சிரிக்கப் பார்த்தாள். “ஒண்ணு கூடவாக்கா கெடைக்கல?”

அவள் கண் கலங்கியதை மதலேனம்மாள் பார்த்தாள். எழுந்து அவள் தோளைத் தொட்டாள். ஆனால் மனம் அங்கே இல்லை. இண்டூர்ப் பெண்ணைக் கட்டுவதற்கு எந்த ஃபாரமும் கிடையாது. யாரும் சவரியிடம் காரணம் கேட்கவில்லை. லூர்துமேரிக்கு ஒரு வெற்றிடமாவது இருந்தது. தனக்கு அதுவும் இல்லை.

அன்று சவரி ஒரு மணிக்கு வந்தார். புறவாசல் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மதலேனம்மாள் போய் எதிரில் நின்றாள்.

“என்னயக் கட்டறதுக்குக் காரணம் கேட்டிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?”

சவரி செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றினார். ஏதோ சொன்னார். ஒரு வரிதான் இருக்கும். செம்பைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டவள் குழம்பை ஊற்ற மறந்துவிட்டாள்.

தான் கேட்டதை மதலேனம்மாள் லூர்துமேரியிடம் சொன்னாள். அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லூர்துமேரி மறுபடி கூடையோடு வந்தாள். பெட்டி நாலு வருஷம் ஓடியது. பொத்தான் அடியில் இருந்த ரப்பர் தேய்ந்து நின்றது. சவரி 2009-ல் போனார். லூர்துமேரி ஓய்வு பெற்றாள், தாயையும் அடக்கம் செய்தாள். இரண்டு பேரும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒருத்தி வீட்டில் ஒருத்தி இருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது சவரியின் அந்தப் பதிலை லூர்துமேரி கேட்பாள். மதலேனம்மாள் பேச்சை மாற்றுவாள்.

சென்ற தை மாதம் மதலேனம்மாள் தர்மபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது லூர்துமேரி பக்கத்தில் இருந்தாள். ஆக்ஸிஜன் முகமூடி. பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

“அக்கா, இப்பவாச்சும் சொல்லுங்க. மாமா என்னதான் சொன்னாரு?”

மதலேனம்மாள் முகமூடியைக் கையால் விலக்கினாள்.

“அது எங்க வூட்டு விசயம்,” என்றாள்.